பொருள் 14 – அங்கீகரிக்கப்பட்டது: நான்கு ஊர் மன்றத் தீர்மானங்களை ஓர் அட்டவணைக்குள் கொண்டுவந்த கதை

எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகால் இருபதடி நீளத்துக்கு இடிந்து கிடக்கிறது. வார்டு உறுப்பினரிடம் கேட்டால், "தீர்மானம் போட்டாச்சு சார்" என்பார். எந்தத் தீர்மானம், என்ன எண், எவ்வளவு தொகை என்றால், "அதான், போன கூட்டத்துக்கு முந்தின கூட்டத்துல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. வடிகாலுக்காக ஆரம்பித்த வேலை, இரண்டு நகராட்சி, இரண்டு பேரூராட்சி என நான்கு ஊர்களின் மன்றக் கூட்டப் பதிவுகளைத் தேடக்கூடிய ஓர் அட்டவணையாக வந்து நிற்கிறது. வடிகால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேர். நான் கணக்கு மென்பொருள் ஆதரவு வேலையில் இருக்கிறேன். நண்பன் பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியர். மூன்றாமவர் வேறு மாவட்டத்து நகராட்சி ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைச் சார் என்றுதான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன். அவர் இல்லையென்றால் நாங்கள் இரண்டாவது மாதமே விட்டிருப்போம்.

முதலில் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. நண்பன் 2011-லிருந்து எடுக்கலாம் என்றான். சார் சிரித்தார். 2016 அக்டோபரில் அப்போதைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தக் காலத்திலும் தீர்மானங்கள் உண்டு. ஆனால் கூட்டம் கிடையாது. ஒருவரே பொருளை, அதாவது முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை, வைத்து, ஒருவரே முடிவெடுத்து, ஒருவரே கையெழுத்திட்டவை. அதையும் மன்றக் கூட்டத்தையும் ஒரே பத்தியில் போட்டால் வாசிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே 2022 மார்ச்சில் புது மன்றங்கள் பொறுப்பேற்றதிலிருந்து ஆரம்பித்தோம். பழையது பிறகு பார்க்கலாம் என்று வைத்தோம். இன்னும் பார்க்கவில்லை.

காகிதம் கைக்கு வருவது

வெளிநாட்டில் இதே வேலை செய்தவர்களின் கணினி நிரல்களைத்தான் முதலில் புரட்டினோம். அமெரிக்காவில் பல நகர மன்றங்கள் லெஜிஸ்டார் என்ற ஒரே மென்பொருளில் நிகழ்ச்சி நிரலையும் வாக்கெடுப்பையும் ஏற்றுகின்றன. ஒரு நகரத்துக்கு எழுதிய நிரல் கொஞ்சம் தட்டிக்கொட்டினால் அடுத்த நகரத்துக்கும் ஓடும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், பக்கத்தில் கேரளாவிலேயே உள்ளாட்சிக் கூட்ட முடிவுகளைப் பதிய 'சகர்மா' என்று ஒரு மென்பொருளை மாநிலம் முழுக்கக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் நகர உள்ளாட்சிகளுக்கு வந்த கே-ஸ்மார்ட்டிலும் கூட்ட நிர்வாகத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நம் பக்கம் நகராட்சிகள் ஓர் இயக்குநரகத்தின் கீழ், பேரூராட்சிகள் இன்னோர் இயக்குநரகத்தின் கீழ். இணையதளங்களின் கட்டமைப்பே வேறு வேறு. எங்கள் நான்கில் ஒன்றில் அஜெண்டா பாதி மாதங்களுக்கு இருந்தது. இன்னொன்றில் 'தீர்மானங்கள்' என்ற சுட்டியை அழுத்தினால் பொங்கல் வாழ்த்துப் படம் வந்தது. மற்ற இரண்டில் அந்தச் சுட்டியும் இல்லை.

சரி, தகவல் உரிமைச் சட்டம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவில் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் இருக்கிறது. அதில் எட்டாவது, மன்றம், குழு போன்றவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதைச் சொல்லும் அறிக்கை. இதைப் படித்த வேகத்தில் என் முதல் மனுவில் "ஏன் இணையதளத்தில் வெளியிடவில்லை?" என்று கேட்டு வைத்தேன். இருபத்தெட்டாம் நாள் ஒற்றை வரிப் பதில்: 'காரணம் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது.' பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போனது.

"ஏன்னு கேக்காதீங்க தம்பி. என்ன ரிஜிஸ்டர், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னு மட்டும் கேளுங்க" என்றார் சார். அவரே மனுவை எழுதிக் கொடுத்தார். மன்றக் கூட்ட நிகழ்ச்சி நிரல் அலுவலகக் குறிப்புடன், தீர்மானப் பதிவேடு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. நான்கு வரி. மூன்று அலுவலகங்கள் பதில் தந்தன. நான்காவதுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது.

பதில் வந்ததும் அடுத்த சிக்கல். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் கணக்குப் போட்டு ஓர் அலுவலகம் கேட்ட தொகையில் ஒரு பழைய லேப்டாப்பே வாங்கலாம். சார் வேறு வழி சொன்னார். நகல் கேட்காமல் ஆவணங்களை நேரில் பார்வையிடவும் அதே சட்டம் உரிமை தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு அலுவலகங்களில் போய் உட்கார்ந்தோம். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, சரி என்று எழுதி வாங்கிய பிறகுதான் கைப்பேசியை வெளியே எடுத்தோம். இதை மறக்காதீர்கள். வாய்வார்த்தையாகச் சரி சொல்பவர் அன்று விடுப்பில் இருந்தால் கதை முடிந்தது.

படம் எடுப்பதில் கற்றது இது. தீர்மானப் பதிவேடு என்பது தைத்த கனமான புத்தகம். அச்செடுத்த தாளை அதன் பக்கங்களில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நடுத்தையல் அருகே பக்கம் வளையும். வளைந்த இடத்தில்தான் தொகைப் பத்தி இருக்கும். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு ஸ்டீல் ஸ்கேல்களைப் பக்கத்தின் இரு ஓரத்திலும் வைத்து அழுத்தி, ஜன்னலைப் பார்த்த மேசையில், கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுத்தோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம், சந்தேகமானால் இரண்டு. ஒவ்வொரு கூட்டம் தொடங்கும்போதும் தேதி எழுதிய துண்டுச்சீட்டை வைத்து ஒரு படம். அந்தத் துண்டுச்சீட்டு யோசனை மட்டும் எங்களுக்கு முதல் நாளே தோன்றியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கொசுவைத் தேடினால் கொசு வரவில்லை

கையில் வந்தவை மூன்று வகை. ஒருங்குறியில் (யுனிகோடில்) அடித்த பி.டி.எஃப், பழைய எழுத்துருவில் அடித்த பி.டி.எஃப், வெறும் படங்கள். படங்கள்தான் கஷ்டம் என்று நினைத்தோம். நடுவில் உள்ளதுதான் ஆளைக் கவிழ்த்தது.

ஒரு நகராட்சியின் அஜெண்டாவை வெளியில் ஒரு டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். பி.டி.எஃபைத் திறந்தால் அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கல். 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து எழுத்தாகத்தான் இருக்கிறது. திரையில் காட்டும்போது மட்டும் எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுவிடுகிறது. தேடுபொறியோ, நம் அட்டவணையோ வேஷத்தைப் பார்ப்பதில்லை.

மாற்றும் நிரல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது என்பதுதான் விஷயம். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் (ா). கண்ணுக்குத் தெரியும் வரிசை. ஒருங்குறியில் மெய்யெழுத்து முதலில் வரும், உயிர்க்குறி பின்னால். மேலும், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இருந்தாலும் 'கொ' என்றே தெரியும், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக இருந்தாலும் 'கொ' என்றே தெரியும். எங்கள் முதல் பதிப்பில் பாதி ஆவணம் ஒரு வகை, பாதி இன்னொரு வகை. 'கொசு மருந்து' என்று தேடினால் ஓர் ஊரில் மட்டும்தான் கொசு இருந்தது. எல்லா உரையையும் யுனிகோடு இயல்பாக்கத்தின் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறிகளை ஒரே வடிவமாக்கும் முறை) வழியே ஒருமுறை ஓட்டியதும் நான்கு ஊரிலும் கொசு வந்துவிட்டது.

இன்னொன்று. தட்டச்சு செய்பவர்கள் 'ர்' அடிக்க வேண்டிய இடத்தில் காலையும் புள்ளியையும் சேர்த்து அடிக்கிறார்கள். பார்வைக்கு ஒரே மாதிரிதான். 'உறுப்பினர்' என்று நீங்கள் படிப்பது கணினிக்கு 'உறுப்பினா்'. செய்தித் தளங்களிலும் இதைப் பார்க்கலாம். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வர வழியே இல்லை என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஒரே வரி நிரல். அந்த ஒரு வரி திருத்திய சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்து நண்பன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

கடைக்காரர் ஓர் அக்கா. ஒருங்குறியிலேயே அடிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "அடிப்பேன் தம்பி. ஆனா எங்கிட்ட இருக்கிற பேஜ்மேக்கர்ல எழுத்து ஒடையுது. அஜெண்டா ராத்திரி எட்டு மணிக்கு வரும், காலையில ஒம்போதுக்குள்ள அறுபது காப்பி வேணும்பாங்க. நான் எழுத்தைப் பாப்பேனா, நேரத்தைப் பாப்பேனா?" நியாயம்தானே. அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று அறிவித்தது 2010-இல். ஆணை அக்காவின் கடைக்கு வந்து சேரவில்லை, மென்பொருள் வாங்கும் காசும் வந்து சேரவில்லை. அடித்த கோப்பை அப்படியே எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப மட்டும் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். படமாக வருவதைவிட பாமினி எவ்வளவோ மேல்.

980 லட்சத்தில் ஒரு சிறுபாலம்

படங்களுக்கு டெசராக்ட். படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் திறமூல எழுத்துணரி, தமிழுக்குப் பயிற்சி பெற்ற கோப்போடு வருகிறது. 300 புள்ளி அடர்த்திக்கு மாற்றி, கறுப்பு வெள்ளையாக்கி, வளைவைச் சரிசெய்து கொடுத்தால் அச்செழுத்தை நன்றாகவே படிக்கிறது. ன, ண குழப்பம், ள, ன குழப்பம் எல்லாம் உண்டு. வாக்கியத்தில் அது பெரிய சேதமில்லை. எண்களில்தான் வினை.

முதல் மாத முடிவில் நான்கைந்து நண்பர்களுக்கு அட்டவணையைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் ஒருவர், "என்னய்யா, உங்க ஊர்ல ஒரு சிறுபாலம் 980 லட்சமா?" என்று கேட்டார். ஒன்பது கோடியே எண்பது லட்சம். பார்த்தால் தாளில் 9.80 லட்சம். எழுத்துணரி புள்ளியை விழுங்கிவிட்டது. அவர் அதைப் படம் பிடித்து எங்காவது பகிர்ந்திருந்தால் எங்கள் வேலை அன்றோடு முடிந்திருக்கும். அந்தப் பொறியாளர் பாவம், என்ன பாடு பட்டிருப்பார். அன்றிரவே அட்டவணையை மூடினேன்.

தப்பிக்கும் வழி தாளிலேயே இருந்தது. பெரும்பாலான அலுவலகக் குறிப்புகளில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடுகிறார்கள். 'ரூ. 9.80 இலட்சம் (ரூபாய் ஒன்பது இலட்சத்து எண்பதாயிரம் மட்டும்)'. எழுத்தில் உள்ளதை எண்ணாக்கி, எண்ணில் உள்ளதோடு ஒத்துப்பார்த்து, இரண்டும் பொருந்தினால் மட்டும் அட்டவணைக்குள் விடலாம்.

தமிழ் எண்ணுப்பெயரை எண்ணாக்கும் நிரலை நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தது பத்து நாள் ஆனது. ஒன்பது என்பது ஒன்பது. தொண்ணூறு என்பது தொண்ணூறு, ஒன்பதோடு உருவத்தில் ஒட்டில்லை. தொள்ளாயிரம் என்பதில் 'ஆயிரம்' தெரிகிறது, ஆனால் அது 900. ஒன்பதாயிரத்திலும் 'ஆயிரம்' தெரிகிறது, அது 9,000. ஆகவே 'ஆயிரம்' என்று முடிவதையெல்லாம் ஆயிரத்தால் பெருக்கு என்று எழுதினால் தொள்ளாயிரத்தில் குப்புற விழ வேண்டியதுதான். நான் விழுந்தேன். அப்புறம் புணர்ச்சி. எண்பது, ஆயிரம் சேர்ந்தால் எண்பதாயிரம். எழுபத்தைந்தாயிரம் என்று ஒருவர், எழுபத்து ஐயாயிரம் என்று இன்னொருவர். ஐநூறு, ஐந்நூறு இரண்டும் உண்டு. லட்சம், இலட்சம், லட்சத்து, இலட்சத்து. இலக்கணப்படி பிரித்துப் பார்க்கும் ஆசையைக் கைவிட்டு, ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையிலான பெயர்களின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரு பட்டியலாகவே எழுதிவிட்டேன். நீளமான பெயரிலிருந்து தொடங்கிப் பொருத்திப் பார்க்கும். தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது என்று கொடுத்து 99,999 என்று வந்த இரவு, வீட்டில் எழுப்பிக் காட்டினேன். பெரிய வரவேற்பு இல்லை.

பொருந்தாதவை சிவப்பு வண்ணத்தில் ஒரு தனி வரிசைக்குப் போகும். அதை மனிதர்தான் பார்க்க வேண்டும். எழுத்தில் தொகை இல்லாதவையும் அங்கேதான். இந்த வரிசையைச் சுருக்க நாங்கள் எந்தக் குறுக்குவழியும் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளுக்கு ஐம்பது.

ஒரு பேரூராட்சியில் பதிவேடு முழுக்கக் கையெழுத்து. எழுத்துணரி கைவிரித்தது. சார் படிக்கப் படிக்க, கைப்பேசியின் தமிழ்க் குரல் தட்டச்சில் ஏற்றினோம். ஆச்சரியமாக அது நன்றாக வந்தது. அவருக்கு அந்த நடை மனப்பாடம். பாதி எழுத்து அழிந்திருந்தாலும் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது' என்று ராகமாகச் சொல்லி முடிப்பார்.

ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்

உரை தயார். இனி அட்டவணை. இங்கேதான் இந்த வேலையின் உயிர்நாடி இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முதலில் எனக்கு அது தெரியவில்லை.

நான் தீர்மானங்களை மட்டும் ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்றிருந்தேன். சார் திறந்து பார்த்தார். ஒரு வரியைக் காட்டினார். 'பொருள் 14 – தீர்மானம் எண் 212 – அங்கீகரிக்கப்பட்டது.' அடுத்த வரி: 'பொருள் 15 – தீர்மானம் எண் 213 – அங்கீகரிக்கப்பட்டது.' இப்படியே கீழே வரைக்கும். "எதைத் தம்பி அங்கீகரிச்சாங்க?" என்று கேட்டார்.

பதில் அஜெண்டாவில் இருக்கிறது. அஜெண்டா தடிமன். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு: எந்த வார்டு, என்ன வேலை, எவ்வளவு மதிப்பீடு, எந்த நிதியில், ஒப்பந்தப்புள்ளி எத்தனை பேர் போட்டார்கள். தீர்மானப் பதிவேடோ ஒல்லி. ஊர்க்காரருக்கு ஒன்றில்லாமல் மற்றொன்று பிரயோஜனமில்லை. இரண்டையும் கோக்க வேண்டும். கோப்பதற்கு என்ன நூல்?

பொருள் எண் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும். தீர்மான எண் ஓர் ஊரில் வருடம் முழுக்கத் தொடர்ந்து ஓடுகிறது, இன்னோர் ஊரில் கூட்டத்துக்குக் கூட்டம் புதிதாகத் தொடங்குகிறது. கூட்டத் தேதியையும் பொருள் எண்ணையும் சேர்த்துக் கோத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அஜெண்டா அச்சானபின் அன்றைக்குக் காலையில் மேசையில் வைக்கும் கூடுதல் பொருள்கள் எந்த நிகழ்ச்சி நிரலிலும் இருக்காது. அவசரத்துக்குத் தலைவர் முன் அனுமதி கொடுத்து வேலையே முடிந்துபோய், பின்னேற்புக்காக மட்டும் மன்றத்துக்கு வருபவை இருக்கின்றன. ஒத்திவைத்தது மூன்று மாதம் கழித்து வேறு எண்ணோடு திரும்பி வரும்.

"ஆபீஸ்ல காகிதத்துக்குப் பேரு கிடையாது. ந.க.எண்தான் பேரு" என்றார் சார். ஒவ்வொரு கோப்புக்கும் நடப்புக் கணக்கு எண் ஒன்று இருக்கிறது. எண், வருடம், கடைசியில் பிரிவின் எழுத்து. மதிப்பீடு மன்றத்துக்கு வரும்போதும், ஒப்பந்தப்புள்ளி வரும்போதும், மறு ஒப்பந்தப்புள்ளி வரும்போதும் பெரும்பாலும் அதே எண். அலுவலகக் குறிப்பின் தலையில் சின்னதாக இருக்கும் அந்த எண்ணை நான் குப்பை என்று நினைத்து முதல் பதிப்பில் வெட்டித் தள்ளியிருந்தேன். எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். ந.க.எண்ணை முதுகெலும்பாக்கியதும், தனித்தனியாகக் கிடந்த வரிகள் கதையாயின. ஒரு போர்வெல் 2022-இல் மதிப்பீடாகப் பிறந்து, ஒப்பந்தப்புள்ளி யாரும் போடாமல் ஒருமுறை திரும்பி, அடுத்த வருடம் வேலை உத்தரவானது வரைக்கும் ஒரே திரையில் தெரிந்தது.

ஊருக்குள் ந.க.எண் போதும். ஊர்களுக்கு இடையே தேட வேண்டுமென்றால் சொற்கள் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் 'ஆழ்துளைக் கிணறு', ஒருவர் 'போர்வெல்', ஒருவர் 'ஆ.து.கிணறு'. 'பேவர் பிளாக்' மட்டும் ஆறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. உச்சகட்டம் சிறுபாலம். ஆங்கிலக் கல்வர்ட்டை எங்கள் பக்கம் வாய்மொழியில் கல்வெட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அஜெண்டாவிலும் 'கல்வெட்டு அமைத்தல்' என்றே இருக்கிறது. நிரல் அதைச் சிறுபாலம் என்று மாற்றியது. விளைவு, புதிய பேருந்து நிலையத் திறப்பு விழாவுக்குப் பெயர் பொறித்த கல்வெட்டு வைக்கும் செலவும் சிறுபாலக் கணக்கில் சேர்ந்தது. ராஜராஜன் காலத்தில் இந்தக் குழப்பம் இருந்திருக்காது. இப்போது 'கல்வெட்டு' வந்தால் பக்கத்தில் 'திறப்பு', 'பெயர்', 'பளிங்கு' ஏதாவது இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். இல்லையென்றால் பாலம்.

மூலச் சொல்லை அழிக்காதீர்கள். தாளில் உள்ளது ஒரு பத்தியில், நாங்கள் வைத்த பொதுப்பெயர் அடுத்த பத்தியில், பக்கத்தின் படத்துக்கு ஒரு சுட்டி. சந்தேகப்படுபவர் படத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஊர்களை ஒப்பிட்டு 'இங்கே இவ்வளவு, அங்கே அவ்வளவு' என்று வரைபடம் போடும் ஆசை நண்பனுக்கு இருந்தது. நான் தடுத்துவிட்டேன். ஓர் ஊர் ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையை எழுதுகிறது, இன்னோர் ஊர் சேர்க்காமல். ஒன்று மதிப்பீடு, ஒன்று ஒப்பந்தத் தொகை. செலவு ஒன்று பொது நிதியில் இருக்கும், அதே மாதிரி வேலை பக்கத்து ஊரில் குடிநீர் நிதியில் இருக்கும். இவற்றையெல்லாம் பிரித்துக் குறிக்கும் பத்திகள் நிரம்பும்வரை வரைபடம் வேண்டாம் என்பது என் பிடிவாதம். 980 லட்சம் இன்னும் மறக்கவில்லை.

வெளியிடும் முன் இன்னொரு சல்லடை. மன்றத்தில் சாலை மட்டுமா வருகிறது? துப்புரவுப் பணியாளரின் மருத்துவச் செலவு, கருணை அடிப்படையில் வேலை கேட்கும் குடும்பத்தின் விவரம், பெயர் மாற்றம் கேட்டவரின் கதவு எண் எல்லாம் வருகின்றன. தாளில் இருக்கிறது, பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அலமாரியில் இருப்பதும் கூகுளில் வருவதும் ஒன்றல்ல. பணியாளர் தொடர்பான பொருள்களில் தொகையையும் முடிவையும் மட்டும் வைத்து, பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டோம், படச் சுட்டியும் தரவில்லை. ஒப்பந்ததாரர் பெயரை எடுக்கவில்லை. அது ஊர்ப்பணம்.

இப்போது எல்லாம் ஒரு சி.எஸ்.வி. கோப்பாகவும், தேடும் வசதியுள்ள ஓர் எளிய பக்கமாகவும் இருக்கிறது. சேவையகச் செலவு இல்லை. வார்டு எண்ணைப் போட்டால் அந்த வார்டுக்கு வந்த பொருள்கள் தேதி வரிசையில் விழும்.

எங்கள் வடிகாலும் விழுந்தது. மூன்று முறை மன்றத்துக்கு வந்திருக்கிறது. முதலில் மதிப்பீடு, அங்கீகரிக்கப்பட்டது. ஏழு மாதம் கழித்து, ஒப்பந்தப்புள்ளி வரப்பெறாததால் மறு ஒப்பந்தப்புள்ளிக்கு அனுமதி. மூன்றாவதாக, புதிய விலைவிகிதப்படி திருத்திய மதிப்பீடு, 'நிதி இருப்பிற்கேற்ப மேற்கொள்ளலாம்'. உறுப்பினரிடம் எண்ணோடு போய்க் காட்டினேன். "நான்தான் சொன்னேனே சார்" என்றார். சொன்னார்தான். அந்த மூன்று எண்ணையும் போட்டு இப்போது பொறியியல் பிரிவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன், சாரின் நான்கு வரி பாணியில்.

போன வாரம் அலுவலகத்திலிருந்து ஓர் எழுத்தர் சாருக்குப் போன் செய்திருக்கிறார். 2023-இல் ஒரு மின்மோட்டார் பழுதுபார்ப்புத் தீர்மானம், தணிக்கைக்கு எண் வேண்டும், பதிவேடு மேலே எங்கோ போயிருக்கிறது, உங்கள் பையன்கள் வைத்திருக்கும் பக்கத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று. ஓடிப்போய்த் தேடினேன். கூட்டம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, ந.க.எண் இருக்கிறது. தீர்மான எண் இருக்க வேண்டிய இடம் காலி. படத்தைத் திறந்தேன். பக்கத்தின் வலது மேல் மூலையில், எண் இருக்கும் இடத்தில் சரியாக, ஸ்கேலை அழுத்திப் பிடித்த என் கட்டைவிரல். பதிவேடு திரும்பி வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறார் எழுத்தர். இந்த முறை கிளிப் வாங்கி வைத்திருக்கிறேன்.